இல்லை என்பதை எழுத்தில் தரவும்

"பிரெஞ்சு வகுப்பில எனக்கு இடம் இல்லையெண்டால், இல்லை எண்டதை எழுத்தில தாங்கோ" என்று கேட்டேன்.

மேசையில் இருந்த தொலைபேசி மூச்சு விடுவதை நிறுத்திவிட்டது. அதற்குள் இருந்தவர் சூரிச்சில் ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து தமிழைப் பிரெஞ்சாகவும் பிரெஞ்சைத் தமிழாகவும் மாற்றிக்கொடுக்கும் மனிதர். பெயர் சொல்ல அவருக்கு அனுமதியில்லை, எண்தான். நாற்பத்தொன்று. பேச்சைக் கேட்டால் திருச்சிப் பக்கம் போல இருந்தது.

"அம்மா," என்றார் மெதுவாக, "இத நான் மொழிபெயர்க்கணுமா? லைன் சரியில்லன்னு வேணா சொல்லிடறேன்."

"மொழிபெயருங்கோ."

"எழுத்துலன்னே சொல்லவா? விளக்கம் வேணும்னு சொன்னா போதாதா? எழுத்துல கேட்டவங்க யாருக்கும் நான் ரெண்டாவது தடவ பேசினதில்லம்மா."

அவர் தயங்கிய இடைவெளியில் அதே வசனத்தை நானே பிரெஞ்சில் சொன்னேன். எதிரே இருந்த அதிகாரி மதாம் க்ரெமோ என் முகத்தைப் பார்க்கவில்லை. தொலைபேசியைப் பார்த்து, "இவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

இதில் கோபப்பட ஒன்றுமில்லை. அது விதி. பிரெஞ்சு தெரியும் என்று சான்றிதழ் இல்லாத ஒருவர் பேசும் பிரெஞ்சு, ஃப்ரிபூர்க் நகரத்தின் வரவேற்பு மற்றும் மொழி அணுகல் பணியகத்தின் காதுக்குள் போவதில்லை. சான்றிதழ் இல்லாதவர் தவறாக விளங்கிக்கொண்டு பாதிக்கப்படக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் போட்ட விதி என்று மதாம் க்ரெமோ எனக்கு ஒருமுறை விளக்கியிருக்கிறார். அதைப் பிரெஞ்சில்தான் விளக்கினார். எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று கோப்பில் எழுதிக்கொண்டார்.

நாற்பத்தொன்று வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தார். மதாம் க்ரெமோ கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு அதை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டார், குழந்தை இருக்கிற வீட்டில் கத்தியை ஒளிப்பது போல. எழுந்து யன்னலைச் சாத்தினார். "பணிப்பாளர் முசியே பூலியாரை அழைத்துவருகிறேன்" என்று வெளியே போனார்.

"தண்ணி இருந்தா கொஞ்சம் குடிங்கம்மா" என்றது தொலைபேசி.

எழுத்தில் கேட்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. இந்த நகரத்துக்கு வந்த முதல் கிழமையே மரியகொறற்றி அக்கா சொல்லிவிட்டார். அக்கா மன்னார்க்காரி. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் இடத்தில் வேலை. அவருடைய வீட்டின் சின்ன அறையில்தான் நான் இருக்கிறேன். நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்துப் பல வருடமாகியும், காவல்துறை வாகனத்தைக் கண்டால் கைப்பையைத் திறந்து அந்த அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறவர்.

"ஏன் எண்டு கேளாத. சிரி. வெறுங்கையோட போகாத. எழுத்தில தா எண்டு மட்டும் வாய் திறந்து கேட்டிடாத," என்றார். "வாயால சொன்ன இல்லை வாயோட போயிடும் பிள்ளை. எழுதினது பிளேன் வரைக்கும் கூட வரும்."

"ஆரும் கேட்டவையோ?"

"பிரவீனன் எண்டு ஒரு பெடியன் கேட்டவன். காயிதம் வந்தது. பிறகு ஆளைக் காணேல்லை."

"எங்க போனவர்?"

"அதைத்தானே சொல்லுறன். காணேல்லை."

நான் கணக்கு வழக்கில்லாமல் பயப்படுகிற ஆள் இல்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படி ஏறியவள். ஊரில் காணாமல் போனவர்களின் விவரங்களைத் திரட்டிய மாணவர்களில் நானும் ஒருத்தி. எங்களில் இருவருடைய விவரங்களைப் பிறகு மற்றவர்கள் திரட்டவேண்டி வந்தது. அதன்பிறகுதான் புறப்பட்டேன். ஆகையால் "ஆளைக் காணேல்லை" என்ற சொல் எனக்கு வெறும் கதையாகக் கேட்காது. இங்கே வந்தும் வெளியில் போகக்கூடிய உடுப்போடுதான் படுக்கிறேன். விடியக் கதவு தட்டினால் மாற்ற நேரம் தருவார்களோ தெரியாது.

எனவே சொன்னபடி நடந்தேன். பணியகத்துக்கு முதல்முறை போனபோது வெறுங்கையோடு போகவில்லை. அக்கா பொரித்துத் தந்த ஆட்டிறைச்சி ரோல்ஸ் ஒரு பெட்டி நிறையக் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கந்தோருக்கு எதையாவது கொண்டுபோனால் அலுவல் நடக்கும், அல்லது குறைந்தது உட்காரக் கதிரையாவது கிடைக்கும். இங்கே ஒரு குழு கூடியது.

முடிவு தெரியாத மனுக்காரரிடம் பரிசு வாங்கினால் லஞ்சம். திருப்பிக் கொடுத்தால் அவமதிப்பு. கலந்துபேசி, அதை "உணவுவழிப் பண்பாட்டுப் பங்களிப்பு" என்று பதிந்து, சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டு முடித்தார்கள். அதனால் என் பெயர் வகுப்புக்குப் போகிற மொழிப் பாதையில் ஏறாமல் பண்பாட்டுப் பாதையில் ஏறிவிட்டது. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு பாதையில் போகமுடியாது. பாதை மாறவேண்டுமென்றால் மாற்றத்துக்கான காரணத்தைப் பிரெஞ்சில் விளக்கவேண்டும். என் பிரெஞ்சு அவர்களுக்குக் கேட்காது.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் பணியகத்தின் 'நட்பு மாலை' ஒன்றுகூடலுக்கு ரோல்ஸ் கொண்டுபோகிறேன். ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோது கடை பிஸ்கற் கொண்டுபோனேன். "ஒருங்கிணைவில் சிறு பின்னடைவு" என்று கோப்பில் எழுதினார்கள்.

வகுப்பே இல்லை என்றும் சொல்லமுடியாது. காத்திருப்போருக்கென்று ஓர் அமர்வு இருந்தது. பிரெஞ்சு வகுப்புக்குப் பக்கத்து அறையில், நடுவில் கண்ணாடிக் கதவு. அந்தப் பக்கம் அனுமதி கிடைத்தவர்கள் வாயைத் திறந்து மூடுவது தெரியும், சத்தம் வராது. இந்தப் பக்கம் மதாம் க்ரெமோ எங்களுக்குக் காத்திருக்கக் கற்றுத்தந்தார்.

"கற்றல் என்பது கற்கும் விருப்பத்தில் தொடங்குகிறது. இந்த அறையில் நாம் அந்த விருப்பத்தைப் பாதுகாப்போம்" என்று எல்லோருக்கும் ஒரு மலைப் படம் தந்தார். விருப்பம் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு நிறம் தீட்டவேண்டும். காபூலில் பல்வைத்தியராக இருந்த ஒரு மனிதர் உச்சிவரை தீட்டிவிட்டு, மலைக்கு மேலே வானத்திலும் தீட்டினார். அளவுக்கு மீறிய விருப்பம் மன அழுத்தத்தின் அறிகுறி என்று அவரை மூச்சுப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். நான் பாதி மலையோடு நிறுத்திக்கொண்டேன். விருப்பம் போதாது என்றார்கள்.

பிரெஞ்சை நான் வேறு இடத்தில் கற்றேன். கீழ் நகரத்தில் உள்ள முதியோர் இல்லத்தில் சாப்பாடு ஊட்டும் வேலை. அங்குள்ளவர்கள் நாள் முழுக்கக் கதைப்பார்கள், பதில் சொல்லாவிட்டால் கோபிப்பார்கள். ஆகவே என் பிரெஞ்சுக்கு எண்பது வயது. முழங்கால் வலியைப் பற்றியும் வராத மகன்களைப் பற்றியும் எவரோடும் சரளமாகக் கதைப்பேன். ஆனால் அங்கே சான்றிதழ் தரமாட்டார்கள். தேர்வுக்குத் தனியாகப் போய் உட்காரவும் முடியாது. பணியகத்தின் வகுப்பில் இருந்ததற்கான அத்தாட்சி இருந்தால்தான் தேர்வு மண்டபக் கதவு திறக்கும்.

போன இலையுதிர்காலத்தில் பணியகம் ஒரு விளம்பரப் பிரசுரம் அடித்தது. "சேர்ந்து கற்போம்" என்று தலைப்பு. பண்பாட்டுப் பாதையில் என் முன்னேற்றம் சிறப்பாக இருந்ததால் அட்டையில் என்னைப் போட்டார்கள். கையில் ஒரு பிரெஞ்சு இலக்கணப் புத்தகத்தைத் தந்து, திறந்து, சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன். சிரித்தபடி இடது பக்கத்தை வாசித்தேன். வலது பக்கத்துக்கு வருவதற்குள் படம் எடுத்து முடிந்துவிட்டது. புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு மாசியில் மேலிடத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. மேலிடம் என்றால் நான் இருப்பதா போவதா என்று முடிவுசெய்யும் இடம். பணியகத்தில் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். கடிதம் சுருக்கமானது. மனுக்காரர் நான்கு ஆண்டுகளாகப் பிரெஞ்சு கற்பதில் எவ்வித ஆர்வமும் காட்டவில்லை. பங்குனி முடிவதற்குள் வகுப்பில் சேர்ந்த அத்தாட்சியோ, சேராததற்குத் தகுந்த ஆதாரமோ அனுப்பாவிட்டால் மனு மூடப்பட்டு வெளியேறும் திகதி குறிக்கப்படும். வகுப்புகள் பற்றிய தகவலுக்கு இணைப்பைப் பார்க்கவும்.

இணைப்பைப் பார்த்தேன். அட்டையில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அன்று அக்கா குசினியில் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் நட்பு மாலை. கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

"நாளைக்குக் கொஞ்சம் கூடக் கொண்டு போவம்" என்றார்.

"அக்கா, நான் படிக்க விருப்பமில்லாதவள் எண்டு எழுதியிருக்கு. பணியகம்தான் என்னைச் சேர்க்கேல்லை எண்டதுக்கு என்னட்ட ஒரு துண்டும் இல்லை. நாலு வருசமா 'இப்போதைக்கு இல்லை, பார்ப்போம்' எண்டு சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னதுதான் இருக்கு. அந்த இல்லையை எழுத்தில வாங்கினால்தான் மேலிடத்துக்கு அனுப்பலாம்."

அக்காவின் கையிலிருந்த ரோல்ஸ் றஸ்க் தூளுக்குள் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"எழுத்தில கேக்கப் போறியோ?"

"ஓம்."

"கேட்டால் உன்ர பேரைப் பார்ப்பினம். பேருக்குக் கீழ விலாசம் இருக்கும். அது என்ர வீடு பிள்ளை."

"உங்களிட்டத்தான் அனுமதி இருக்கே அக்கா. உங்களை என்ன செய்வினம்?"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சால் பயப்பிடமாட்டன்." மாவுக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "படிச்சனீங்கள் எல்லாரும் இப்பிடித்தான். கடிதத்தோட சண்டைக்குப் போவியள். கதவு தட்டினால் திறக்கிறது நான்தானே."

அவர் சொன்னதில் பிழையில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. நாற்பது கிலோ ஈரத்துணியைத் தனியாகத் தூக்குகிற மனுசி, ஒரு கடதாசியைக் கேட்கவிடாமல் என்னை மறிக்கிறார். இவரை இப்படி ஆக்க எத்தனை பேர் சிரித்துச் சிரித்துச் சம்பளம் வாங்கியிருப்பார்கள் என்று யோசித்தேன். மிச்ச ரோல்ஸை நான் சுற்றினேன். அடுத்த நாள் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு பணியகத்துக்குப் போனேன்.

முசியே பூலியார் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். தன் பணியகத்தில் தானே கதவைத் தட்டுகிற பண்பாளர். ஒரு கையில் தண்ணீர், மறு கையில் சொக்லேற் தட்டு. பின்னால் மதாம் க்ரெமோ.

"டைரக்டர் வந்துட்டாரும்மா," என்று நாற்பத்தொன்று தமிழில் எனக்கு மட்டும் சொன்னார். "அவரு குரல எனக்குத் தெரியும். ரொம்ப நல்லவிதமாப் பேசுவாரு. பயமா இருக்கும்."

முசியே பூலியார் என்னிடம் சொக்லேற்றை நீட்டிவிட்டுத் தொலைபேசியிடம் பேசத் தொடங்கினார்.

"முதலில் இவரிடம் சொல்லுங்கள், இந்த வீட்டில் இவர் எல்லோருக்கும் பிரியமானவர். இவருடைய இறைச்சிச் சுருள்களை என் மனைவிக்கும் எடுத்துச் செல்வேன். ஆனால் மொழி என்பது சுருள் அல்ல. நாங்கள் காத்திருப்பவருக்குக் கட்டில் கொடுக்கிறோம், போகும்போது கட்டில் இங்கேயே இருக்கும். போர்வை கொடுக்கிறோம், துவைத்து இன்னொருவருக்குக் கொடுக்கலாம். ஆனால் ஒரு வினைச்சொல்லைக் கொடுத்தால்? அவர் விமானத்தில் ஏறும்போது அதுவும் ஏறிவிடும். அதை எப்படித் திரும்பப் பெறுவது? வரி கட்டுகிறவர்கள் என்னிடம் கேட்பார்கள், எங்கள் வினைச்சொற்கள் எங்கே என்று."

மதாம் க்ரெமோ தலையாட்டினார். அவர் இதை முன்பும் கேட்டு முன்பும் தலையாட்டியவர் என்பது தெரிந்தது.

"ஆகவே ஒருவர் தங்குவது உறுதியானதும் கற்பிக்கிறோம். கற்றுக்கொண்டவர் தங்குவதை மேலிடம் உறுதி செய்கிறது. இரண்டும் ஒன்றையொன்று எவ்வளவு அழகாகத் தாங்குகின்றன பாருங்கள். நடுவில் யாரும் விழுவதற்கே இடமில்லை."

"நான் நடுவில்தான் நிற்கிறேன்" என்றேன் பிரெஞ்சில்.

"இவர் என்ன சொல்கிறார்?"

நாற்பத்தொன்று மொழிபெயர்த்தார். பிரெஞ்சிலிருந்து பிரெஞ்சுக்கு. முசியே பூலியார் அனுதாபத்தோடு கண்ணை மூடித் திறந்தார்.

"இந்தப் பணியகம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஒருவருக்கும் நாங்கள் மறுப்புச் சொன்னதில்லை. ஒருவருக்கும். அதில் எனக்குப் பெருமை."

"எத்தனை பேரைச் சேர்த்திருக்கிறீர்கள்?"

கேள்வி தொலைபேசிக்குள் போய்த் திரும்பி வந்தது. "அது வேறு புள்ளிவிவரம்" என்றார்.

பிறகு கதிரையை முன்னே இழுத்தார். குரல் இன்னும் மென்மையானது. ஊரில் எங்களை விசாரிக்க வீட்டுக்கு வந்தவர்களும் முதலில் கதிரையைத்தான் இழுத்துப் போட்டார்கள்.

"எழுத்து என்பது பாரமானது. இல்லை என்று எழுதினால் காரணம் எழுதவேண்டும். யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று எழுதவேண்டும். கீழே ஒரு பெயர் வேண்டும். அந்தத் தாள் மேலே போகும். மேலே இருப்பவர்கள் வாசிப்பார்கள். வாசிக்கத் தொடங்கினால் இவருடைய முழுக் கோப்பையும் வாசிப்பார்கள். அங்கே அவர்கள் என்ன காண்பார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. விடியற்காலையில் வேலை செய்கிற ஆட்களும் அங்கே இருக்கிறார்கள். இதை அச்சுறுத்தலாக மொழிபெயர்க்க வேண்டாம்."

நாற்பத்தொன்று வரிக்கு வரி சொல்லி முடித்தார். "அச்சுறுத்தலா மொழிபெயர்க்க வேணாம்னு சொன்னாரும்மா" என்று அதையும் சேர்த்துச் சொன்னார்.

மதாம் க்ரெமோ ஒரு தாளை என் முன்னால் வைத்தார். ஏற்கெனவே அடித்து வைத்திருந்த தாள். 'எனது கேள்வியை எவரது வற்புறுத்தலுமின்றி மீளப் பெறுகிறேன்' என்றிருந்தது. கையெழுத்துக்குக் கோடு.

"இதற்குக் கைமாறாக," என்றார் முசியே பூலியார், "இவர் நாளை முதல் வகுப்பறைக்குள் வரலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம். கடைசி வரிசையில், மௌன விருந்தினராக. பேசக்கூடாது. வருகைப் பதிவு இல்லை. கேட்கலாம், ஆனால் கேட்டதாகக் கணக்கில் வராது."

"மேலிடத்துக்கு அத்தாட்சி தருவீங்களோ எண்டு கேளுங்கோ" என்றேன் தமிழில். எனக்குப் பிரெஞ்சு அப்போது வரவில்லை.

"எதற்கு அத்தாட்சி? இவர் வகுப்பில் இல்லையே."

"பங்குனி முடிஞ்சால்?"

"பங்குனியை நாங்கள் தீர்மானிப்பதில்லை."

மதாம் க்ரெமோ லாச்சியைத் திறந்து பேனாவை எடுத்து எனக்கு நீட்டினார். எழுத்துக்கு இவ்வளவு பயந்த வீட்டில் நான் எழுதுவதற்கு மட்டும் பேனா உடனே கிடைத்தது.

தொலைபேசி கனைத்தது. "அம்மா, இது அவங்க சொல்றதில்ல, நான் சொல்றது. கையெழுத்துப் போட்டுடுங்கம்மா. பேச்சு இப்படி முடிஞ்சா அடுத்த வாரம் என்னையும் கூப்பிடமாட்டாங்க. எனக்கு ரெண்டு பசங்க."

"மொழிபெயர்ப்பாளர் என்ன சொல்கிறார்?" என்று முசியே பூலியார் கேட்டார்.

நான் பேனாவைப் பிடித்திருந்தேன். பொய் சொல்லவில்லை, கோட்டுக்கு மேலே கொண்டுபோகவும் செய்தேன். போட்டால் இன்றைக்கு எதுவும் நடக்காது. நாளைக்கும் நடக்காது. நாளை வகுப்பறைக்குள் இருப்பேன், ஆசிரியரின் குரல் கேட்கும். பங்குனி முடிந்ததும், ஆர்வமே காட்டாதவள் என்று என்னை அனுப்புவார்கள். வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து எழுப்பிக்கொண்டு போவார்கள். அப்போதும் இவர் சொல்வார், நாங்கள் ஒருவருக்கும் மறுப்புச் சொன்னதில்லை என்று. பிரவீனனுக்குக் கடதாசி எழுதிவிட்டும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

எனக்கு அந்த இடத்தில் துணிவு எதுவும் வந்துவிடவில்லை. எழுதினாலும் பிளேன், எழுதாவிட்டாலும் பிளேன் என்றால், என்னை ஏற்றிவிடுகிறவன் ஒரு முறையாவது தன் பெயரை எழுதட்டும் என்று மட்டும் தோன்றியது.

முசியே பூலியார் இன்னும் விளக்கிக்கொண்டிருந்தார். பரஸ்பர நம்பிக்கை, பொறுமை, பாலங்கள் என்று போய்க்கொண்டிருந்தது. நான் முடிவெடுத்து முடித்திருந்தபடியால் இடையில் நிறுத்தச் சொல்லவில்லை. பேனாவைத் தாளின் மேல் வைத்தேன். எழுந்து குளிர்ச்சட்டையைப் போட்டேன்.

"அண்ணை, உங்களுக்கு வீண் கரைச்சல் தந்திட்டன்," என்று தொலைபேசியிடம் சொன்னேன். "நான் கேட்டது கேட்டதுதான் எண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ. பதில் பதிவுத் தபாலில வரட்டும்."

அவர் தெளிவான பிரெஞ்சில் ஒவ்வொரு சொல்லாக அதைச் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. முசியே பூலியாருடைய பாலம் பாதியில் நின்றது.

நடைபாதையில் காத்திருந்தவர்கள் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். அறைக் கதவு மெல்லியது, கேட்டிருக்கும். ஒரு பெண் தன் பையை என் வழியிலிருந்து இழுத்துக்கொண்டாள்.

பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. திரும்பினேன். மதாம் க்ரெமோ ஓடி வந்திருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. தொலைபேசி இல்லை, மொழிபெயர்ப்பாளர் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தே கேட்டார்:

"கடிதத்தின் கீழே யாருடைய பெயரைப் போடுவது? பணிப்பாளர் என் பெயரைப் போடச் சொல்கிறார்."

"யார் இல்லை என்று சொன்னாரோ, அவருடைய பெயரை" என்றேன் பிரெஞ்சில்.

அவர் ஒரு சொல்லையும் திருப்பிக் கேட்கவில்லை. அத்தனையும் அவருக்கு விளங்கியது.

நான் கையை விடுவித்துக்கொண்டேன். படிகளில் இறங்கினேன். அக்காவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, இன்றிரவும் உடுப்பு மாற்றாமல்தான் படுப்பேன் என்பது தெரியும். வெளிக்கதவு பாரமானது. தோளால் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போனேன்.